ரெண்டுங்கெட்டான் குழாய்

ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர்கள் சாமி படத்தைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் டிவி எவ்வளவு பெரிசு என்று பார்ப்பார்கள். என் அத்தை மாடியிலிருந்து இறங்கும் குழாயைப் பார்ப்பாள். வெளியிலேயே நின்று மொட்டைமாடி வரைக்கும் அண்ணாந்து பார்த்து, விரலை மடக்கி அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். துக்க வீடாக இருந்தாலும் அதே கதைதான். ஆரணியில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறிப்போனபோது ஊரே கூடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, அத்தை மட்டும் பக்கத்துச் சந்தில் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "ரொம்ப ஒல்லி. தாங்காது" என்று காதில் சொன்னாள். செத்தவரைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, "ஆமாம் அத்த, சாப்பாடே எறங்கலியாம்" என்றேன். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கியதைப் பார்த்து, எவ்வளவு பாசம் பார் என்று எதிர்வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. சென்னையில் கப்பல்களுக்கு வரைபடம் போடும் ஓர் ஆபீசில் இன்ஜினியர். ஆள் ஏற்றிக்கொண்டு போகும் கப்பல் இல்லை. நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் இடத்தில் நங்கூரம் போட்டு வருஷக்கணக்கில் நகராமல் நிற்கிற கப்பல்கள். அதிலுள்ள இயந்திரங்களின் சூட்டைத் தணிக்கக் கடல்தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். வேலை முடிந்ததும் அந்தத் தண்ணீர் மேல்தளத்திலிருந்து நெட்டுக்குத்தான ஒரு குழாய் வழியாகத் திரும்பக் கடலுக்கே இறங்க வேண்டும். அந்தக் குழாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று சொல்வதுதான் அத்தையின் உத்தியோகம்.

"அவ்ளோதானா?" என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது.

"தண்ணி கீழ போறதுக்கு ஒரு இன்ஜினியரா? நாங்க ஊத்துனா போவலியா?" என்று எதிர்வீட்டம்மா நேராகவே கேட்டாள். ஊரில் அத்தைக்கு 'மோரி இன்ஜினியர்' என்று பெயர் விழுந்ததற்கும் எதிர்வீட்டம்மாதான் காரணம். எங்கள் பக்கத்தில் சாக்கடைக்கு மோரி என்று சொல்வோம்.

அத்தைக்குக் கோபமே வராது. "ஏத்தறதுக்கு மோட்டார் இருக்குதுக்கா. எறங்கறதுக்கு யாரும் இல்ல. அதுக்குத்தான் எனக்கு சம்பளம்" என்பாள்.

எனக்கு அவள் இதை விளக்கியது ஆரணி பஸ் ஸ்டாண்டில். சென்னை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். பெட்டிக்கடையில் ஒரு சோடா வாங்கினாள். குடிக்கப் போகிறாள் என்று பார்த்தால், பாட்டிலை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துவிட்டாள். குளக், குளக், குளக் என்று விக்கி விக்கி சோடா தரையில் கொட்டியது. கடைக்காரர் பதறிப்போய், "யம்மா, நான் குடிக்கத்தான் விக்கிறேன்!" என்றார்.

"பாத்தியா?" என்றாள் அத்தை, அவரைக் கண்டுகொள்ளாமல். "தண்ணி எறங்கணும்னா காத்து ஏறணும். ரெண்டும் ஒரே வாசல்ல முட்டிகினு நிக்குது. அதான் இந்த சத்தம்."

கப்பல் குழாயிலும் இதேதானாம். குழாய் நல்ல அகலமாக இருந்தால் தண்ணீர் சுவரை ஒட்டி வழுக்கிக்கொண்டு இறங்கும், நடுவில் காற்று சும்மா நிற்கும், வம்பு இல்லை. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் காற்று. இல்லையா, காற்றே புக முடியாதபடி குழாயை முழுசாக நிரப்பிவிடு, அதுவும் வம்பு இல்லை. இரண்டுக்கும் நடுவில் விட்டால்தான் ஆபத்து. தண்ணீர் கட்டிகட்டியாக விழும், காற்றை இழுக்கும், விக்கும், இடிக்கும். கப்பலில் அது நாள்பூரா இடித்தால் வெல்டிங் விட்டுப்போகும்.

"ரெண்டுங்கெட்டான்" என்றாள். "ஆபீஸ்ல இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு இருக்குது. ஆனா நம்ம பேருதான் கரெக்டு. ரெண்டுங்கெட்டான் குழாய்."

அந்தச் சொல்லை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். அது சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பட்டம். "ஊர்லயும் இல்ல, பட்டணத்துலயும் இல்ல. குடும்பஸ்தியும் இல்ல, சாமியாரும் இல்ல. ரெண்டுங்கெட்டானா நிக்கிது" என்று ஒரு கல்யாணப் பந்தியில் அவள் காதுபடவே பெரியம்மா ஒருத்தி சொன்னாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "ரெண்டுங்கெட்டான்னா சத்தம் வரணும் பெரிம்மா. என்கிட்டேர்ந்து எதுனா சத்தம் வருதா?" என்று கேட்டாள். பெரியம்மாவுக்கு ரசம் புரையேறியது.

குழாய்க் கணக்கை அத்தை குழாயோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. காபி கொடுத்தால் டம்ளரில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றுவாள். கஞ்சம் என்று ஊர் பேசியது. அதே அத்தை பிரியாணி போட்டால் தட்டுத் தெரியாது. மேலே ஒரு முட்டை வைக்க இடமில்லாமல் அது உருண்டு பக்கத்துத் தட்டுக்குப் போய்விடும். ஒன்று மூன்றில் ஒரு பங்கு, இல்லையா விளிம்பு வரைக்கும். பாதி என்பது அவள் கையில் வராது. பேச்சும் அப்படித்தான். ஒன்று சரி, இல்லையா வேண்டாம். 'பாக்கலாம்' என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

இவளுக்கு அண்ணனாகப் பிறந்த என் அப்பாவுக்கோ அந்த ஒரு வார்த்தைதான் பிழைப்பு. பட்டுப் புடவை மொத்த வியாபாரம். தறிக்காரர் கூலி ஏற்றிக் கேட்டால் பாக்கலாம், கடைக்காரர் கடன் கேட்டால் பாக்கலாம், அம்மா கேஸ் அடுப்பு கேட்டால் பாக்கலாம். நேருக்கு நேராக ஒருவரிடம் முடியாது என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. முடியும் என்று சொல்லவும் வராது. இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் சத்தியம் செய்ய வேண்டியிருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் பட்டு நன்றாக ஓடிய சமயம், அப்பா எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தார். கைப்பிடிச் சுவரின் மேல் எதிரும் புதிருமாக இரண்டு சிமென்ட் அன்னங்கள். பின்பக்கம் ஒரு குளியலறை, அதிலிருந்து ஒல்லியாக ஒரு குழாய் இறங்கி, கீழே சாப்பிடும் கூடத்தில் புதுசாக மாட்டிய வாஷ்பேசினோடும் சேர்ந்து வெளியே போனது. பல்லி, அணில் புகுந்துவிடும் என்று மேஸ்திரி குழாயின் மேல் வாயைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார்.

அத்தை வந்தாள், அண்ணாந்து பார்த்தாள், தட்டினாள். "அண்ணா, குழாயே ஒல்லி, அதுல வாயையும் அடச்சி வச்சிருக்கிற. மூச்சு விட முடியாம விக்கப் போவுது. மாடிக்கு மேல நீட்டித் தொறந்து உடு."

"அன்னப் பட்சிக்கு நடுவுல பைப்பா? தெருவுல போறவன் இன்னா சொல்லுவான்?"

"தெருவுல போறவனா உங்க வீட்ல குளிக்கிறான்?"

"பாக்கலாம்மா" என்றார் அப்பா.

அவள் சொன்னது நடந்தது. மாடியில் யாராவது ஒரு வாளித் தண்ணீரைச் சேர்ந்தாற்போல் கொட்டினால், கீழே கூடத்தில் யாரும் தொடாத வாஷ்பேசின் 'பொளக்' என்று ஏப்பம் விடும். எங்களுக்குப் பழகிவிட்டது. புதுசாக வருகிறவர்கள்தான் துள்ளி எழுந்து நாற்காலிக்கு அடியில் தேடுவார்கள்.

அந்த வாஷ்பேசின்தான் என் தலையெழுத்தில் குறுக்கே வந்தது.

நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு எம்.சி.ஏ.வுக்கு எழுதிப் போட்டிருந்தேன். சென்னையில் இடமும் கிடைத்துவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். பாக்கலாம் என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேவிகாபுரம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. ரைஸ் மில் குடும்பம். பையனின் அப்பா நாள், நட்சத்திரம், சகுனம் எல்லாவற்றிலும் புலி. ஒரு பூனைக்காகப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் என்று தரகரே பெருமையாகச் சொன்னார். அவர்கள் பக்கம் ஒரே ஒரு நிபந்தனை: பெண் படித்தது போதும். அதற்கும் அப்பா பாக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் மில்காரரின் காதில் அது சரி என்று விழுந்திருந்தது.

அழுதுகொண்டு அத்தையிடம் போனேன். பெண் பார்க்கும் நாளுக்காக முந்தின நாளே வந்திருந்தாள்.

"உனக்கு வேணுமா, வேணாமா?" என்றாள்.

"தெரியல அத்த."

"தெரியலன்னா?"

"படிக்கணும். ஆனா போட்டோல அவரு நல்லாத்தான் இருக்காரு."

உண்மையைச் சொன்னேன். பேஜாரே அதுதான். அத்தை என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ரெண்டுங்கெட்டான் பதிலுக்கெல்லாம் என்கிட்ட சைஸ் இல்லடி. மேல போயி யோசிச்சிட்டு வா. வேணும்னா ஜோரா கட்டி அனுப்பறேன். வேணாம்னா அதுக்கும் வழி இருக்குது. நடுவுல நின்னுகினு என்ன இழுக்காத."

கோபமாக வந்தது. மொட்டைமாடியில் அன்னங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் தெருவைப் பார்த்தேன். போட்டோவில் இருந்தவர் சிரித்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அவர் சிரிப்பார், நான் மில் வீட்டில் நெல் காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்பதும் கூடவே வந்தது. எனக்கு அந்த வாழ்க்கை வேண்டாம். அவரை வேண்டாம் என்று இல்லை, அதை வேண்டாம். இறங்கிவந்து அத்தையிடம், "வேணாம்" என்றேன்.

"கெட்டியா சொல்லு."

"வேணாம் அத்த!"

"அப்ப கேளு. நாளைக்கு நான் மேல இருப்பேன். காபி குடுத்துட்டு மாடிப்படி கிட்ட வந்து, 'அத்த, தண்ணி வந்துடுச்சா'ன்னு சத்தமா கேளு. மிச்சத்த வாஷ்பேசின் பேசும். நீ கேக்கலன்னா நான் ஊத்த மாட்டேன், சொல்லிட்டேன். பேச்சு உன்னுது. தண்ணி மட்டும்தான் என்னுது."

மறுநாள் காலையிலிருந்தே அவள் மாடிக் குளியலறையில் அண்டா, குண்டான், வாளி என்று அகப்பட்டதில் எல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். முனிசிபாலிட்டி தண்ணீரை நம்ப முடியாது என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா மெச்சிக்கொண்டாள். அன்றைக்குக் கட்டிக்கொள்ளச் சொல்லி அப்பா கடையிலிருந்து அத்தைக்கு ஒரு புதுப் பட்டு எடுத்து வந்திருந்தார், பச்சை உடல், மஞ்சள் கரை. பெண்ணுக்கு அத்தை என்ற முறையில் ஒரு கெத்தாக இருக்க வேண்டுமாம்.

அவர்கள் வந்தார்கள். மில்காரர் வாசற்படியில் வலது காலை வைப்பதற்காக ஒரு சின்ன நடனமே ஆடினார். பையன் போட்டோவில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தார். கேசரியும் பஜ்ஜியும் வைத்தேன், காபி கொடுத்தேன். மில்காரர் சுற்றுமுற்றும் பார்த்துத் திருப்தியாகி, "பொண்ணு மேல படிக்கிற யோசனையெல்லாம் உட்டுடுச்சி இல்லிங்களா?" என்றார்.

அப்பா வழக்கம்போல் இழுத்தார். "அதெல்லாம்... எங்க பொண்ணு பெரியவங்க பேச்ச மீறாதுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்போது கேட்காவிட்டால் எப்போதுமே கேட்க முடியாது என்று தெரிந்தது. மாடிப்படி வரைக்கும் போனேன்.

"அத்த! தண்ணி வந்துடுச்சா?"

ஊருக்கே கேட்டிருக்கும். அம்மா திகைத்துப்போனாள். மேலே குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின் ஜாலி மூடியைப் பெயர்த்து எடுக்கும் சத்தம், பிறகு ஒரு கணம் ஒன்றுமில்லை.

பொளக்!

மில்காரர் கையிலிருந்த பஜ்ஜி நின்ற இடத்திலேயே நின்றது. "என்னங்க, கெவுளியா?" என்றார். பல்லி சொல்வதை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள். நல்ல காரியம் பேசும்போது பல்லி சொன்னால், எந்தத் திசையிலிருந்து சொன்னது என்று பார்த்துப் பலன் எடுப்பார்கள்.

"கெவுளி இல்லிங்க. வாஷ்பேசின்" என்றார் அப்பா.

"வாஷ்பேசினா சொல்லிச்சி?"

"சொல்லலிங்க. மேல தண்ணி ஊத்துனா கீழ..."

பொளக். குளக். பொளக்.

மில்காரர் எழுந்துவிட்டார். "இது எந்த மூலைங்க?"

"கன்னி மூலை" என்று தரகர் அவசரப்பட்டு உளறினார்.

"கன்னி மூலையில தண்ணி பேசுதா!" மில்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பல்லிக்குத்தான் சாஸ்திரம் இருக்கிறது, வாஷ்பேசினுக்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் பலன் போடவில்லை என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அவர் வாய் மூடுவதற்குள் அண்டாவே கவிழ்ந்திருக்க வேண்டும். வாஷ்பேசின் நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. அடியில் தேங்கி நிற்கும் கொஞ்சத் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது. அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் கதவு. கதவு திறந்ததும் வாசனை வந்தது.

பையனின் அம்மா முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். பையன் மட்டும் சும்மா எழுந்து கை கழுவப் போனார். குழாயைத் திறப்பதற்கு முன்னால் என்ன தோன்றியதோ, வாஷ்பேசின் பக்கம் குனிந்தார். நின்று கேட்டார். தண்ணீர்க் கதவு இல்லாத குழாயில் மாடியிலிருந்து அத்தையின் சிரிப்பு அப்படியே இறங்கி வந்துகொண்டிருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார். போட்டோவில் இருந்த அதே சிரிப்பு. பிறகு முகத்தைக் கஷ்டப்பட்டுச் சோகமாக்கிக்கொண்டு, "மூலை சரியில்லப்பா" என்றார்.

அடுத்த வருஷம் அவர் தன்கூட வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டார். முகூர்த்தப் புடவை எங்கள் கடையில்தான் எடுத்தார்கள்.

அவர்கள் போனதும் அத்தை ஒன்றும் அறியாதவளாக இறங்கிவந்தாள். "அதுக்குள்ள போயிட்டாங்களா? நான்தான் அன்னிக்கே சொன்னேனே அண்ணா, வாயத் தொறந்து உடுன்னு." அப்பா அவளையும் அவள் புடவையையும் ஒரு பார்வை பார்த்தார். "போயி வேற பொடவ மாத்திக்கோ" என்றார். அவ்வளவுதான்.

அந்த வாரமே மேஸ்திரி வந்து குழாயை மாடிக்கு மேல் நீட்டித் திறந்து விட்டார். அன்னங்களுக்கு நடுவில் அது எழும்பி நின்றது. "அன்னம் ரெண்டும் ஒரே சுருட்ட மாத்தி மாத்திப் புடிக்குது" என்றாள் எதிர்வீட்டம்மா. அதற்குப் பிறகு மாடியில் எவ்வளவு தண்ணீர் கொட்டினாலும் வாஷ்பேசின் வாயைத் திறக்கவில்லை. எம்.சி.ஏ.வைப் பற்றி அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு டிரங்குப் பெட்டி வாங்கிவந்து கூடத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

சென்னையில் அத்தை வீட்டில்தான் தங்கிப் படித்தேன். கூட இருந்து பார்த்தபோதுதான் அவள் எவ்வளவு பிடிவாதக்காரி என்பது முழுசாகத் தெரிந்தது. ஒரு கப்பலுக்கு அவள் அகலமான குழாய் சொல்லியிருந்தாள். எடை கூடுகிறது, சின்னது போடு என்றார்கள் கப்பல்காரர்கள். சண்டை வேண்டாமே, இரண்டுக்கும் நடுவில் ஒரு சைஸ் போட்டுவிடலாம் என்றார் இவள் மேலதிகாரி. எனக்குக்கூட அது நியாயமாகத்தான் பட்டது. அத்தை வீட்டுக்கு வந்து அடுப்படியில் பாத்திரங்களை உருட்டினாள். "பெருசு போடு, ஒத்துக்கறேன். சின்னது போட்டு முழுசா ரொப்பு, அதையும் ஒத்துக்கறேன். சமாதானத்துக்காக நடுவுல போடறானாம். கப்பல் இருமும்டி!" கடைசியில் அவள் சொன்ன சைஸ்தான் போட்டார்கள். அந்த வருஷம் பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது.

ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டாராம், என் வருகைக்கு ரொம்ப முன்னால். கேட்டுவிட்டு, வீட்டில் பேசிப் பார்த்துச் சொல்கிறேன் என்றாராம். அத்தை அவருக்கு மூன்றில் ஒரு பங்கு காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். "அய்யோ அத்த, பேசிட்டு வந்திருப்பாரே" என்றேன். "வந்தாரு. நான்தான் கதவத் தொறக்கல" என்றாள். வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். "சத்தம் வருதா?" என்றாள். வரவில்லை. ஆனால் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சத்தமில்லாத வீட்டில் எனக்கு மூச்சு முட்டியிருக்கிறது. அவளுக்காகத்தான் முட்டியது. கொஞ்சம் நடுவில் நின்றிருக்கலாமே என்று நினைத்தேன். அதைச் சொல்லும் தைரியம் எனக்கு எப்போதும் வரவில்லை.

படித்து, வேலைக்குப் போய், சில வருஷம் கழித்து நான் ஒருவரைப் பிடித்துவிட்டேன். சுத்தி வளைத்துச் சுங்குவார்சத்திரம் போனாலும் கடைசியில் ஆரணிக்காரர்தான். எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு, அப்பா பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். இந்தத் தடவை அத்தை கேட்ட கேள்விக்கு, முடிப்பதற்குள் 'வேணும்' என்று பதில் சொன்னேன்.

அப்பாவிடம் சொன்னோம். நீங்களே ஊகித்திருப்பீர்கள். பொங்கலுக்குக் கேட்டபோதும் பாக்கலாம், ஆடி வந்தபோதும் பாக்கலாம். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் பயந்தார், என் முகத்தைப் பார்க்கவும் பயந்தார். எனக்குத் தூக்கம் போயிற்று. அவருக்கும்தான்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் வாத்தியார் மகனை நேராக வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டாள் அத்தை. தானும் சென்னையிலிருந்து வந்திருந்தாள், நல்ல பட்டுப் புடவை கட்டிக்கொண்டு. ஆனால் அவர் வந்து உட்காரும் சமயத்தில், துணி காயப்போட வேண்டும் என்று மாடிக்கு நழுவிவிட்டாள். பேச வேண்டியது நீ என்று எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டுத்தான் போனாள்.

கூடத்தில் அப்பா, அம்மா, நான், அவர். அவர் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்று, "இவரத்தான் கட்டிக்கணும்பா. எனக்கு வேணும்" என்றேன். அப்பா தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கடைசியில் அவர் கண் வாஷ்பேசினில் போய் நின்றது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அத்த மேலதான கீறா?" என்றார்.

"ஆமாம்பா."

"தண்ணி வந்துடுச்சான்னு கேளு."

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்காமலே, "கேளுன்றேன் இல்ல?" என்றார்.

மாடிப்படிக்குப் போனேன். "அத்த... தண்ணி வந்துடுச்சா?"

மேலே ஒரு சொம்பு உருண்டு விழுந்தது. அத்தையே ஆடிப்போயிருக்க வேண்டும். பிறகு அண்டா நகரும் சத்தம். தண்ணீர் மொத்தமாக இறங்குவது சுவருக்குப் பின்னால் லேசாகக் கேட்டது, பட்டுப் புடவை உரசுகிற மாதிரி. அப்பா ஒரு காதை வாஷ்பேசின் பக்கம் சாய்த்துக்கொண்டார். என்ன நடக்கிறது என்று புரியாமல் என் வருங்காலமும் காதைச் சாய்த்துக்கொண்டார்.

வாஷ்பேசின் ஒன்றும் சொல்லவில்லை.

"அது எப்பிடிப்பா சொல்லும், மேலதான் தொறந்து..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"வேணாம்னா சொல்லியிருக்கும்" என்றார் அப்பா, ரொம்ப யோசித்தவர் போல. "ஒண்ணும் சொல்லல. மௌனம் சம்மதம்னுவாங்க. அதுவே ஒத்துக்கிச்சி, இனிமே நான் யாரு வேணாம்னு சொல்றதுக்கு? ஆவணில வச்சிக்கலாம்." அவரைப் பார்த்து, "காபி சாப்புடுங்க தம்பி, ஆறுது" என்றார்.

கீழே பேச்சுச் சத்தம் கேட்டு அத்தை ஓடிவந்தாள். படியிறங்கும்போதே என் முகத்தைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. புடவைக் கரையைத்தான் பார்த்தார். கணுக்கால் வரைக்கும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"இந்தப் பொடவயும் போச்சா?" என்றார்.

"இதுவும்னா?" என்றாள் அத்தை.

"பச்ச ஒடம்பு, மஞ்ச கர. மில்காரரு வந்த அன்னிக்கி. பட்டுல தண்ணி பட்டா எனக்குத் தெரியாதாம்மா? அதத்தான வித்துகினு கெடக்கறேன்." அப்பா இன்னும் கரையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தாள்கிட்ட வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீ சொல்லிட்ட. சரி, தங்கச்சிதான சொல்லிச்சின்னு உட்டுட்டேன்."

அத்தை வாயைத் திறந்தாள். ஒரு நாளும் இரண்டில் ஒன்று சொல்லாமல் விட்டவள் இல்லை. அன்றைக்கு அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. அசல் ரெண்டுங்கெட்டான் சத்தம். பொளக்கென்று.